தனிநபர் தரவுச் சட்டம் எந்த அமைச்சரிடம்? கைமாறிய வரலாறும் புகார் செல்லும் வழியும்

2023 டிசம்பர் 12-ஆம் தேதி பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அமைச்சரவையை மாற்றியமைத்தபோது, யார் உள்ளே வந்தார், யார் வெளியே போனார் என்பதே நாளிதழ்களின் முதல் பக்கத்தை நிறைத்தது. அதே நாளில் தொடர்பு, இலக்கவியல் அமைச்சு இரண்டாகப் பிரிந்தது. ஃபாஹ்மி ஃபாட்சில் தொடர்பு அமைச்சராகத் தொடர்ந்தார். புதிதாக உருவான இலக்கவியல் அமைச்சு டாமன்சாரா நாடாளுமன்ற உறுப்பினர் கோபிந்த் சிங் டியோவிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தப் பாகப்பிரிவினையில் கைமாறிய சட்டங்களில் ஒன்று, 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். மலாயில் அக்தா 709.

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் தீபாவளிக்குப் புடவை வாங்குபவர், உறுப்பினர் அட்டைக்காகப் பெயர், அடையாள அட்டை எண், கைப்பேசி எண் மூன்றையும் எழுதிக் கொடுக்கிறார். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் நகை வாங்குபவர், இந்தியப் பயணத்திற்கு முகவரிடம் கடப்பிதழ் நகல் கொடுப்பவர், பிள்ளையை டியூஷனில் சேர்ப்பவர், திருமணத் தகவல் மையத்தில் ஜாதகத்தைப் பதிபவர் எல்லாரும் இதையேதான் செய்கிறார்கள். அப்படிக் கொடுத்த விவரத்தை வாங்கியவர் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதைச் சொல்வது இந்தச் சட்டம். இதற்குப் பொறுப்பான அமைச்சர் மாறும்போது என்ன மாறுகிறது, என்ன மாறுவதில்லை?

சட்டத்தில் பெயர் இல்லாத அமைச்சர்

அக்தா 709-ஐப் புரட்டினால் எந்த இடத்திலும் ‘இலக்கவியல் அமைச்சர்’ என்றோ ‘தொடர்பு அமைச்சர்’ என்றோ காண முடியாது. ‘அமைச்சர்’ என்றால் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்றுள்ள அமைச்சர் என்று மட்டுமே 4-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பொறுப்பு யாருக்கு என்பதை முடிவு செய்வது வேறொரு சட்டம். அமைச்சர் பணிகள் சட்டம், 1969 என்ற அந்தச் சிறிய சட்டத்தின் கீழ் மாமன்னர் ஓர் உத்தரவு பிறப்பிப்பார். எந்த அமைச்சருக்கு எந்தப் பொறுப்பு, எந்த இலாகா என்பது அதில் பட்டியலாக இருக்கும். மாமன்னர் பிரதமரின் ஆலோசனைப்படி செயல்படுவதால், நடைமுறையில் இது பிரதமரின் முடிவு.

ஆகவே சட்டத்தை ஓர் அமைச்சரிடமிருந்து இன்னோர் அமைச்சருக்கு மாற்ற நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு தேவையில்லை, விவாதம் தேவையில்லை, சட்டத்தில் ஒரு வரியைக்கூடத் திருத்த வேண்டியதில்லை. வாடிக்கையாளர் உரிமையும் மாறாது, கடைக்காரர் கடமையும் மாறாது. பழைய அமைச்சர் கையெழுத்திட்ட விதிமுறைகள் அப்படியே செல்லும். இந்த ஏற்பாட்டில் வசதி இருக்கிறது. அமைச்சுகளின் பெயர் ஐந்தாண்டுக்கு இரண்டு முறை மாறும் நாட்டில், ஒவ்வொரு தடவையும் சட்டத்தைத் திருத்திக்கொண்டிருக்க முடியாது.

பிறப்பதற்கு முன்பே பல வீடுகள்

இந்தச் சட்டத்தின் நகல் 1990-களின் இறுதியில் தொடங்கியது. பல்லூடகப் பெருவழித்தடம் பற்றி நாடே பேசிக்கொண்டிருந்த காலம் அது. எரிசக்தி, தொடர்பு, பல்லூடக அமைச்சு அதை வரையத் தொடங்கியது. 2004-இல் அந்த அமைச்சு எரிசக்தி, நீர், தொடர்பு அமைச்சாகி லிம் கெங் யாய்க்கிடம் போனது. மின்சாரத்தையும் குடிநீரையும் கவனிக்க வேண்டிய அமைச்சின் மேசையில், வாடிக்கையாளர் விவரம் பற்றிய ஒரு மசோதா எந்த வரிசையில் இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

2009-இல் தகவல், தொடர்பு, பண்பாடு ஆகியவை ஒரே அமைச்சின் கீழ் வந்தன. அமைச்சர் ராயிஸ் யாத்திம். மசோதா அந்த ஆண்டு நவம்பரில் மக்களவையில் முதல் வாசிப்புக்கு வந்து, 2010 ஏப்ரலில் நிறைவேறியது. ஜூன் 10-இல் அரசிதழில் வெளியானது. பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியா திறக்கப்பட்டதும் அதே ஆண்டு அக்டோபரில்தான். கடைவீதி திறந்த அன்றே வியாபாரம் தொடங்கிவிட்டது. சட்டமோ அரசிதழில் மூன்றாண்டுக்கு மேல் உறங்கியது.

காரணம், அமலாக்கத் தேதியை நிர்ணயிக்கும் அதிகாரமும் அமைச்சரிடமே இருந்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்பு இலாகா 2011 மே 16-இல் அமைக்கப்பட்டது. தேதிகள் பேசப்பட்டுத் தள்ளிப்போயின. 2013 மே பொதுத்தேர்தலுக்குப் பின் பண்பாடு சுற்றுலா அமைச்சோடு சேர, மீதமிருந்தது தொடர்பு, பல்லூடக அமைச்சாகி அகமட் ஷாபெரி சிக்கிடம் வந்தது. அவர் காலத்தில்தான், 2013 நவம்பர் 15-இல், சட்டம் உயிர் பெற்றது. குறிப்பிட்ட துறை நிறுவனங்கள் பதிந்துகொள்ள 2014 பிப்ரவரி 15 வரை அவகாசம் தரப்பட்டது.

வங்கி, காப்புறுதி, மருத்துவம், கல்வி, சுற்றுலா, நேரடி விற்பனை, தொலைத்தொடர்பு உள்ளிட்ட 11 வகை நிறுவனங்கள் முதல் பட்டியலில் இருந்தன. அடகுக்கடைகளும் உரிமம் பெற்ற கடன் கொடுப்போரும் 2016 டிசம்பரில் சேர்க்கப்பட்டனர். நகையை அடகு வைத்துப் பள்ளிச் செலவைச் சமாளிக்கும் குடும்பங்களுக்கு இது சிறிய செய்தியல்ல. ஆனால் அது சமூகத்தில் பெரிதாகப் பேசப்படவில்லை. இந்தப் பட்டியலில் இல்லாத கடைக்கும் சட்டம் உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பதிவு செய்யும் கடமை மட்டும்தான் பட்டியலிட்டோருக்கு. தரவைப் பாதுகாக்கும் கடமை வணிகம் செய்யும் எல்லாருக்கும் உண்டு.

அமைச்சர் மாறினால் ஏன் அக்கறைப்பட வேண்டும்

உரிமை மாறாதென்றால் யார் அமைச்சராக இருந்தால் என்ன என்று கேட்கலாம். இந்தச் சட்டத்தில் அமைச்சருக்குள்ள அதிகாரங்களைப் பார்த்தால் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரை நியமிப்பவர் அமைச்சர். காரணம் கூறி நியமனத்தை மீட்டுக்கொள்பவரும் அவரே. ஆணையர் அமைச்சருக்குப் பொறுப்பானவர். சட்டத்துக்கு முரணாகாத பொதுவான கட்டளைகளை அமைச்சர் அவருக்கு வழங்கலாம். ஆலோசனைக் குழுவையும் மேல்முறையீட்டு நடுவர் மன்றத்தையும் அமைச்சரே நியமிக்கிறார். ஆணையரின் பரிந்துரையின் பேரில் ஒரு தரப்புக்கு விலக்கு அளிக்கலாம். விதிமுறைகள் அவர் கையெழுத்தோடுதான் வரும். எந்த வகை நிறுவனம் பதிய வேண்டும் என்பதும் அவர் சொல்வதே. சுருக்கமாகச் சொன்னால், ஆணையம் என்று நாம் சொல்வது அமைச்சின் கீழுள்ள ஓர் இலாகா. அமைச்சர் சுறுசுறுப்பாக இருந்தால் இலாகா ஓடும். அவர் கவனம் வேறெங்கோ இருந்தால், அல்லது அவர் நாற்காலியே ஆடிக்கொண்டிருந்தால், கோப்பு காத்திருக்கும்.

பயன்படுத்தப்படாத ஓர் அதிகாரம் இதை நன்றாகக் காட்டும். மலேசியர்களின் தரவை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமானால், அமைச்சர் அரசிதழில் குறிப்பிட்ட நாடுகளுக்கு அனுப்பலாம், மற்ற நாடுகளுக்கு ஒப்புதல் போன்ற விதிவிலக்குகள் பொருந்த வேண்டும் என்று பழைய சட்டம் கூறியது. 2017-இல் உத்தேசப் பட்டியல் ஒன்று பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. அரசிதழில் அது வரவேயில்லை. அமைச்சர்கள் வந்தார்கள், போனார்கள். கடைசியில் 2024 திருத்தம் அந்தப் பட்டியல் முறையையே எடுத்துவிட்டது. சென்னையில் வாடிக்கையாளர் சேவை மையம் வைத்திருக்கும் நிறுவனங்களும், இந்தியாவுக்குப் பயணிகளை அனுப்பும் முகவர்களும் பத்தாண்டுக்கு மேல் பட்டியலே இல்லாத ஒரு பட்டியலின் கீழ் தொழில் செய்தார்கள்.

பத்து நாளில் கவிழ்ந்த ஆலோசனை

இதைவிடப் பெரிய இழப்பு 2020-இல் ஏற்பட்டது. 2018 தேர்தலுக்குப் பின் தொடர்பு, பல்லூடக அமைச்சரானவர் கோபிந்த் சிங் டியோ. அப்போது அவர் பூச்சோங் நாடாளுமன்ற உறுப்பினர். அதற்கு முந்தைய ஆண்டுதான், 2017 அக்டோபரில், 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்து விற்பனைக்கு வந்திருந்த செய்தியை லோயாட் டாட் நெட் வெளியிட்டது. நாட்டின் மக்கள்தொகையை விட அதிகமான எண்கள். பெயர், முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் அதில் இருந்தன. அப்போதிருந்த சட்டத்தில் தரவு கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. நிறுவனம் வாயை மூடிக்கொண்டிருந்தாலும், அந்த மௌனத்துக்காக அதன்மேல் வழக்குப் போட முடியாது.

சட்டத்தை மறுஆய்வு செய்து 22 விஷயங்களை அடுக்கிய பொது ஆலோசனை அறிக்கையை ஆணையர் 2020 பிப்ரவரி 14-இல் வெளியிட்டார். கசிவை அறிவிக்கும் கட்டாயம், தரவுப் பாதுகாப்பு அதிகாரி நியமனம், பிறருக்காகத் தரவைக் கையாளும் நிறுவனங்களின் நேரடிப் பொறுப்பு எல்லாம் அதில் இருந்தன. கருத்துச் சொல்ல அந்த மாத இறுதி வரை அவகாசம். பிப்ரவரி 24-இல் பிரதமர் துன் மகாதீர் பதவி விலகினார். அமைச்சரவை கலைந்தது. கருத்துப் பெட்டி திறந்திருக்கும்போதே அமைச்சர் இல்லாமல் போனார்.

மார்ச்சில் சைஃபுடின் அப்துல்லா வந்தார். வந்த கையோடு கோவிட்-19 நடமாட்டக் கட்டுப்பாடு. 2021 ஆகஸ்டில் அரசாங்கம் மறுபடி மாறி அனுவார் மூசா பொறுப்பேற்றார். 2022 அக்டோபர் கூட்டத்தொடரில் திருத்த மசோதா வரும் என்று எதிர்பார்ப்பு இருந்தது. அக்டோபர் 10-இல் நாடாளுமன்றமே கலைக்கப்பட்டது. டிசம்பரில் ஃபாஹ்மி ஃபாட்சில் வந்தார். ஓராண்டு கழித்து அமைச்சு பிரிந்து, சட்டம் மீண்டும் கோபிந்த் கைக்கே வந்து சேர்ந்தது. 2020-இல் பாதியில் விட்ட கோப்பை, வேறு பெயர்ப்பலகையின் கீழ், அதே மனிதர் திறந்தார்.

திருத்த மசோதா 2024 ஜூலை 16-இல் மக்களவையிலும், ஜூலை 31-இல் மேலவையிலும் நிறைவேறியது. அக்டோபர் 17-இல் அரசிதழில் வந்தது. 2025 ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூன் 1 என்று மூன்று கட்டமாக அமலுக்கு வந்தது. அதாவது 22 விஷயங்களை ஊரறியச் சொன்ன நாளிலிருந்து கசிவை அறிவிக்கும் கடமை உயிர் பெற்ற நாள் வரை ஐந்தாண்டும் மூன்றரை மாதமும். இடைப்பட்ட காலத்தில் என்னென்ன கசிந்தன என்பதை வாசகர்கள் அறிவார்கள். 2022 மே மாதத்தில் 1940-க்கும் 2004-க்கும் இடையில் பிறந்த 2 கோடியே 25 லட்சம் மலேசியர்களின் விவரம் இணையத்தில் விலைக்கு வந்ததாகச் செய்தி வெளியானது. அது தேசியப் பதிவு இலாகாவிலிருந்து போனது அல்ல என்று உள்துறை அமைச்சர் மறுத்தார்.

அமைச்சர் மாற்றம் மட்டுமே இந்தத் தாமதத்துக்குக் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. பெருந்தொற்று இருந்தது. நிறுவனங்களின் தயக்கமும் இருந்தது. ஆனால் ஆணையர் தனி அமைப்பாக, நாடாளுமன்றத்துக்கு நேரடியாகப் பதில் சொல்பவராக இருந்திருந்தால், நான்கு அமைச்சர்கள் வந்துபோன காலத்திலும் கோரிக்கையைத் தொடர்ந்து தட்டிக்கொண்டிருக்க ஒரு கை இருந்திருக்கும்.

திருத்தம் தந்தது என்ன

தரவைப் பெறும் நிறுவனம் இதுவரை ‘தரவுப் பயனர்’ எனப்பட்டது. இப்போது ‘தரவுக் கட்டுப்பாட்டாளர்’. பெயர் மாற்றம் சிறிது, தண்டனை மாற்றம் பெரிது. தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறினால் முன்பு 3 லட்சம் வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை. இப்போது 10 லட்சம் வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்குக் கணிசமான தீங்கு நேரக்கூடுமானால், அதன்பின் ஏழு நாளுக்குள் அவருக்கும் சொல்ல வேண்டும். சொல்லாமல் மறைத்தால் இரண்டரை லட்சம் வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டாண்டு வரை சிறை. கைரேகை, முகப்பதிவு போன்ற உடல்சார் அடையாளங்கள் ‘உணர்வுமிக்க தரவு’ வகையில் சேர்ந்தன. உடல்நலம், சமய நம்பிக்கை, அரசியல் கருத்து, குற்றம் செய்ததாகக் கூறப்படுவது ஆகியவை முன்பே அந்த வகையில் உள்ளன. திருமணத் தகவல் மையம் வரனின் சமயத்தைக் குறித்து வைத்தால் அது உணர்வுமிக்க தரவு. வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் அதைக் கையாளக்கூடாது. கைரேகை வைத்து வருகையைப் பதியும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் இதே கதைதான்.

தரவுப் பாதுகாப்பு அதிகாரி நியமனம் 20,000 பேருக்கு மேற்பட்டோரின் தரவை, அல்லது 10,000 பேருக்கு மேற்பட்டோரின் உணர்வுமிக்க தரவை வைத்திருப்போருக்கும், ஆட்களைத் தொடர்ச்சியாகக் கண்காணிக்கும் தொழில் செய்வோருக்கும் கட்டாயம். பிரிக்பீல்ட்சில் உள்ள ஒரு பூக்கடையோ சாப்பாட்டுக் கடையோ இதைப்பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பல கிளைகளுள்ள நகைக்கடையும் மருத்துவக் குழுமமும் தங்கள் எண்ணிக்கையைக் கணக்குப் பார்த்துக்கொள்வது நல்லது.

அரசாங்கத்திடம் உள்ள தரவு

இங்கேதான் வாசகர்கள் பலருக்கும் குழப்பம். அக்தா 709 மத்திய அரசாங்கத்துக்கும் மாநில அரசாங்கங்களுக்கும் பொருந்தாது. 3-ஆவது பிரிவு இதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. 2024 திருத்தம் அந்த வரியைத் தொடவில்லை. எந்த அமைச்சர் பொறுப்பில் இருந்தாலும், அரசாங்க இலாகா உங்கள் விவரத்தைச் சரியாகக் காக்கவில்லை என்று ஆணையரிடம் இந்தச் சட்டத்தின் கீழ் புகார் செய்ய முடியாது.

பாடு எனப்படும் மத்தியத் தரவுத்தளம் 2024 ஜனவரி 2-இல் பொருளாதார அமைச்சின் கீழ் தொடங்கியபோது, மார்ச் 31-க்குள் பதியும்படி தோட்டப்புறங்களிலும் அடுக்குமாடிகளிலும் மக்கள் ஊக்குவிக்கப்பட்டார்கள். உதவித்தொகை கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் பலருக்கு. கைப்பேசியில் தானே பதியத் தெரியாத முதியவர்கள் அடையாள அட்டையைப் பிறர் கையில் கொடுத்துப் பதிந்தார்கள். அந்தத் தளத்துக்கு அக்தா 709 பொருந்தாது என்பதை அப்போது பலர் சுட்டிக்காட்டினார்கள். அதன் பிறகு வந்தது 2025-ஆம் ஆண்டு தரவுப் பகிர்வுச் சட்டம், அக்தா 864. அந்த ஆண்டு ஏப்ரல் 28-இல் அமலுக்கு வந்த இச்சட்டம், மத்திய அரசாங்க அமைப்புகள் ஒன்றோடொன்று தரவைப் பகிர்வதற்கான முறையை வகுக்கிறது. பகிர்வதற்கான சட்டம்தான் அது. குடிமகன் ஆணையரிடம் போய் நிற்கும் உரிமையை அது தருவதில்லை.

இந்தப் பகிர்வு அன்றாட வாழ்க்கைக்குள் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதற்கு எண்ணெய் நிலையமே சாட்சி. 2025 செப்டம்பர் 30 முதல் லிட்டர் 1.99 வெள்ளி விலையில் ரோன் 95 பெட்ரோலை மைகாட்டை இயந்திரத்தில் செருகிப் பெறலாம். குடியுரிமை விவரம் உள்துறை அமைச்சின் கீழுள்ள தேசியப் பதிவு இலாகாவுடையது. வாகன ஓட்டுநர் உரிம விவரம் போக்குவரத்து அமைச்சின் கீழுள்ளது. உதவித்தொகையை நடத்துவது நிதி அமைச்சு. மூன்று அமைச்சுகளின் தரவு ஒரு பம்ப் அருகே சந்திக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டு 31 முதல் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லாக் குடிமக்களுக்கும் மைகாட் வழி தரப்பட்ட 100 வெள்ளி சாரா உதவியும் மளிகைக் கடைக் கல்லாவில் இப்படித்தான் கழிக்கப்பட்டது. வசதியை மறுப்பதற்கில்லை.

முன்பு பிரதமர் துறையின் கீழிருந்த மாம்பு இப்போது தேசிய இலக்கவியல் இலாகாவாகி, இலக்கவியல் அமைச்சுக்குள் வந்துள்ளது. அரசாங்கத் தரவைப் பகிர ஊக்குவிக்கும் இலாகாவும், தனியார் துறையில் தரவைக் காக்கச் சொல்லும் ஆணையரும் ஒரே அமைச்சரின் கீழ். பிரிட்டனில் இதே பொறுப்பு நம்மைவிட அதிகமாக அலைந்திருக்கிறது. 1984 சட்டம் உள்துறையில் தொடங்கி, 2001-இல் லார்ட் சான்சலர் துறைக்கும், 2007-இல் நீதி அமைச்சுக்கும், 2015 செப்டம்பரில் பண்பாடு, ஊடகம், விளையாட்டுத் துறைக்கும், 2023 பிப்ரவரியில் அறிவியல், தொழில்நுட்பத் துறைக்கும் போனது. ஆனால் அங்கே தகவல் ஆணையர் அமைச்சின் ஊழியர் அல்லர். அரசாங்கத் துறைகளின் மீதும் அவருக்கு அதிகாரம் உண்டு. துறை மாறினாலும் அவர் மேசை மாறவில்லை. சிங்கப்பூர் சட்டம் நம்முடையதைப் போலவே அரசாங்க அமைப்புகளை விட்டுவிடுகிறது. என்றாலும் அங்கே அரசு ஊழியர் தரவைத் தவறாகக் கையாள்வதைக் குற்றமாக்கும் சட்டம் 2018-இல் தனியாக வந்தது. வேண்டாத விளம்பர அழைப்புகளைத் தடுக்கும் தேசியப் பதிவேடும் 2014 முதல் அங்கே இயங்குகிறது. நம் சட்டத்தில் அத்தகைய பதிவேடு கிடையாது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாக எழுதித்தான் நிறுத்த வேண்டும்.

எந்தக் கதவைத் தட்டுவது

2017 கசிவு நடந்தபோது மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமும் தரவுப் பாதுகாப்பு இலாகாவும் ஒரே அமைச்சரின் கீழ் இருந்தன. 2023-க்குப் பின் தொடர்பு ஆணையம் தொடர்பு அமைச்சிடமும், தரவுப் பாதுகாப்பு இலாகா இலக்கவியல் அமைச்சிடமும் உள்ளன. பாதிக்கப்படுபவருக்கோ இரண்டும் ஒரே பிரச்சினை. யாரோ எண்ணை விற்றார்கள், அதனால்தான் மோசடி அழைப்பு வந்தது.

எனவே பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கடை, கிளினிக், கல்லூரி, முகவர், வங்கி போன்ற தனியார் நிறுவனம் உங்கள் விவரத்தைக் கசியவிட்டால், விற்றால், கேட்காமல் பிறருக்குக் கொடுத்தால் புகார் புத்ராஜெயாவிலுள்ள தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குப் போக வேண்டும். போலிக் கணக்கு, தொல்லை தரும் குறுஞ்செய்தி, தொலைத்தொடர்பு நிறுவனச் சேவை பற்றியது தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கு. மோசடியில் பணம் போய்விட்டால் இரண்டையும் விட்டுவிட்டு முதலில் 997 எண்ணில் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தையும் வங்கியையும் அழைக்க வேண்டும், பிறகு போலீஸ் புகார். அங்கே ஒவ்வொரு நிமிடமும் பணம்.

கடன் தகவல் நிறுவனங்கள் வைத்திருக்கும் கடன் அறிக்கையில் தவறு இருந்தால் ஆணையர் கை வைக்க மாட்டார். கடன் தகவல் தொழிலுக்குத் தனிச் சட்டம், தனிப் பதிவதிகாரி, நிதி அமைச்சின் கீழ். உரிமம் பெற்ற கடன் கொடுப்போருக்கு உரிமம் தருவது வீடமைப்பு, ஊராட்சி அமைச்சு. அவர் கடன் வாங்கியவரின் விவரத்தைத் தவறாகப் பயன்படுத்தினால் அது அக்தா 709-க்குள் வரும். உரிமமே இல்லாத ஆலோங் அடையாள அட்டை நகலைச் சுவரில் ஒட்டி மிரட்டினால் அது போலீசுக்குரிய வழக்கு.

ஆணையரிடம் போகும் முன் நிறுவனத்திடமே எழுத்து மூலம் கேட்பது வலுச் சேர்க்கும். உங்கள் தரவு என்னென்ன அவர்களிடம் உள்ளது என்று அறியும் உரிமை சட்டத்தில் உண்டு. சிறு கட்டணம் கேட்கலாம், ஆனால் 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். தவறாக இருந்தால் திருத்தச் சொல்லலாம். கொடுத்த ஒப்புதலை எழுதிக் கொடுத்துத் திரும்பப் பெறலாம். விளம்பரத்துக்கு என் எண்ணைப் பயன்படுத்தாதே என்று எழுதிய பின்னும் அழைப்பு தொடர்ந்தால் ஆணையர் தலையிடலாம். அவர் கட்டளையையும் மீறினால் 2 லட்சம் வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டாண்டு வரை சிறை. வாய்ப்பேச்சாகச் சொன்னதற்கு இங்கே மதிப்பில்லை. மின்னஞ்சல், கடிதம், திரைப்பிடிப்பு, அழைப்பு வந்த தேதி, நேரம் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

படிவத்தில் கையெழுத்திடும் முன் படிக்க வேண்டியது தனியுரிமை அறிவிப்பு. எதற்காகத் தரவு வாங்கப்படுகிறது, யாருக்குக் கொடுக்கப்படும், யாரைத் தொடர்பு கொள்வது என்பவை அதில் இருக்க வேண்டும். இந்த அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று 7-ஆவது பிரிவு சொல்கிறது. தமிழில் தருவதற்குத் தடை இல்லை. கட்டாயமும் இல்லை. வாடிக்கையாளரில் பெரும்பாலோர் தமிழராக உள்ள கடைகளில்கூட, விலைப்பட்டியலும் தீபாவளி வாழ்த்தும் தமிழில் தொங்கும்போது இந்த அறிவிப்பு மட்டும் தமிழில் கண்ணில் படுவது அபூர்வம். மலாயோ ஆங்கிலமோ சரளமாக வாசிக்க வராத தாத்தா பாட்டிமார் கையெழுத்திடுவதற்கு முன், கூட இருக்கும் பிள்ளைகள் அந்த மூன்று விவரங்களையாவது வாசித்துச் சொல்லலாம். அடையாள அட்டை நகல் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில், நகலின் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, எந்தக் காரியத்துக்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்று கோடுகளுக்கு நடுவே எழுதிக் கொடுக்கலாம்.